கள்ளி சாட்சி

ஆடி மாதக் கடைசிச் செவ்வாய். டவுணில் எங்கள் வீட்டுக்குப் பின்தெருவில் இசக்கியம்மன் கொடை. குழாய் ஸ்பீக்கர் ஒன்றைச் சரியாக என் மாடி ஜன்னலைப் பார்த்துக் கட்டியிருந்தார்கள். ராத்திரி 11 மணிக்கு இருந்த ஆபீஸ் மீட்டிங் கடைசி நிமிடத்தில் ரத்தானது. தூக்கம் வராது என்று தெரியும். ஒரு வாரமாகவே வரவில்லை. அதற்குக் காரணம் வேறு, பிறகு சொல்கிறேன். ஹெட்போனை மாட்டிக்கொண்டு லேப்டாப்பில் ஒரு கொரியப் படத்தைப் போட்டேன். 'எ ஃப்ரோசன் ஃப்ளவர்'. யூ ஹா இயக்கி 2008 டிசம்பர் கடைசியில் வெளியான சரித்திரப் படம்.

ஹெட்போன் எவ்வளவு உசத்தியாக இருந்தாலும் வில்லுப்பாட்டுக்கு முன்னால் நிற்காது. வீசுகோல் நாணில் விழும்போது எழும் மணிச்சத்தமும், குடத்தின் அந்த வயிற்றுக்குள் கேட்கிற சத்தமும் கொரிய அரண்மனைக்குள் புகுந்துவிட்டன. அரசன் வாளை உருவும்போது உடுக்கை அடித்தது. ராணி அழும்போது இங்கே நீலி அழுதுகொண்டிருந்தாள். ஒரு கட்டத்தில் ஹெட்போனைக் கழற்றிவிட்டு இரண்டையும் சேர்த்தே கேட்டேன். இந்தக் கட்டுரை அந்த ராத்திரியிலிருந்து வருகிறது.

முதலில் படத்தைச் சொல்லிவிடுகிறேன். முடிவையும் சொல்லப்போகிறேன், பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வரலாம்.

14ஆம் நூற்றாண்டு. கோரியோ நாடு மங்கோலிய யுவான் பேரரசின் பிடியில் இருக்கிறது. அரசனுக்கு வாரிசு இல்லை. வாரிசு இல்லையென்றால் நாங்களே ஒருவனை உட்கார வைப்போம் என்று யுவான் நெருக்குகிறது. அரசனுக்குப் பெண்களோடு சேர முடியாது. அவன் காதலிப்பது தன் மெய்க்காவல் படையின் தலைவன் ஹொங்-ரிமை. சிறு பையனாக அரண்மனைக்கு வந்து அரசன் கண் முன்னாலேயே வளர்ந்தவன். ராணியோ யுவான் இளவரசி. அரசன் ஒரு கணக்குப் போடுகிறான். வாரிசு வேண்டும், வேறு யாரையும் நம்ப முடியாது, ஆகவே ஹொங்-ரிமையே ராணியிடம் அனுப்புகிறான். தான் நேசிக்கிற ஒருவனைத் தன் கையாலேயே இன்னொருத்தியிடம் அனுப்பிவிட்டு, பக்கத்து அறையில் உட்கார்ந்திருக்கிறான். கடமையாகத் தொடங்கியது அவர்கள் இருவருக்குள்ளும் காதலாகிறது. கட்டளை முடிந்த பிறகும் ஒளிந்து சந்திக்கிறார்கள். அரசன் கண்டுபிடிக்கிறான். ஹொங்-ரிமுக்கு ஆண்மை பறிக்கப்படுகிறது. அதற்குப் பிறகு பழிக்குப் பழி. ராணி கொல்லப்பட்டாள் என்று நம்பி ஹொங்-ரிம் வாளோடு திரும்பி வருகிறான்.

கடைசிச் சண்டையில் அரசன் ஒரு கேள்வி கேட்கிறான். எப்போதாவது என்னிடம் உனக்குக் காதல் இருந்ததா? ஒருபோதும் இல்லை என்கிறான் ஹொங்-ரிம்.

அவ்வளவு ரத்தம் ஓடும் படத்தில் உண்மையான வெட்டு இதுதான். அதற்குப் பிறகு வாள் எங்கே இறங்கினால் என்ன? அரசன் சாகிறான். ஹொங்-ரிமையும் வெட்டிவிடுகிறார்கள். சாகும் நேரத்தில் ராணி உயிரோடு வந்து நிற்பதைப் பார்க்கிறான். பார்த்த பிறகு, தலையை மெதுவாகத் திருப்பி, செத்துக்கிடக்கும் அரசனைப் பார்த்தபடி உயிரை விடுகிறான். அந்த 'ஒருபோதும் இல்லை' பொய்யா, நிஜமா, அந்த நிமிடத்துக்கு மட்டும் நிஜமா என்று படம் சொல்லாது. ஜூ ஜின்-மோ அந்தப் பதிலைக் கேட்கும்போது முகத்தில் கோபம் வரவில்லை. வெறுமனே ஒரு விளக்கு அணைந்த மாதிரி இருந்தது. அரசன் கேட்டது மன்னிப்பு இல்லை என்பதை மட்டும் குறித்துக்கொண்டேன். நம் இருவருக்கும் நடந்தது நடந்ததுதானா என்று கேட்டான்.

படத்தின் அரசனுக்குப் பின்னால் ஒரு நிஜ அரசன் உண்டு. கொங்மின், 1351 முதல் 1374 வரை ஆண்டவன். ஓவியன். மலைச்சரிவில் குதிரைமேல் வேட்டையாடுகிறவர்களைக் காட்டும் புகழ்பெற்ற ஓவியம் ஒன்றை அவன் வரைந்தது என்பார்கள். அவனுடைய மங்கோலிய மனைவி 1365இல் பிரசவத்தில் இறந்தாள். 1374இல் அவனைச் சுற்றியிருந்த காவல் இளைஞர்களே அவனைக் கொன்றார்கள். அவனுடைய கடைசி வருடங்களின் ஒழுக்கக்கேடு பற்றி விலாவாரியாகச் சொல்லும் 'கோரியோசா' என்ற வரலாற்று நூல் முடிக்கப்பட்டது 1451இல், கோரியோவைக் கவிழ்த்துவிட்டு வந்த ஜோசன் வம்சத்தின் மேற்பார்வையில். ஜெயித்தவன் எழுதிய ஃபைலில் தோற்றவனின் காதல் எப்படிப் பதிவாகியிருக்கும்? யார் துரோகி என்பதைக் கதை நடந்த அன்று யாரும் முடிவு செய்வதில்லை. அதைப் பிறகு சொல்கிறவர்கள் முடிவு செய்கிறார்கள்.

இதை யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் ஸ்பீக்கரில் அண்ணாவி பழையனூர் ஊர்ச்சபைக்கு வந்து சேர்ந்தார்.

நீலி கதை ஊருக்கு ஊர் மாறும். நான் கேட்டு வளர்ந்த வடிவம் இது. கோயில் பூசை செய்கிறவரின் மகன் ஒருவன் ஒரு தாசியின் மகளிடம் மயங்கிக் கையில் இருந்ததையெல்லாம் தோற்கிறான். காசு தீர்ந்ததும் தாய்க்கிழவி விரட்டுகிறாள். ஆனால் மகளுக்கு அவன்மேல் நிஜமாகவே ஆசை. வீட்டை விட்டு, நகையெல்லாம் போட்டுக்கொண்டு அவன் பின்னாலேயே வந்துவிடுகிறாள். காட்டில் அவன் மடியில் தலை வைத்துத் தூங்குகிறாள். அவன் மண்ணைக் கூட்டித் தலையணை மாதிரி அண்டக்கொடுத்து, அவள் தலையை மெல்ல அதில் இறக்கி வைக்கிறான். பிறகு கல்லைத் தூக்கித் தலையில் போடுகிறான். நகையை எடுத்துக்கொள்கிறான். சாகும்போது அவள் சுற்றிப் பார்க்கிறாள், ஆள் யாரும் இல்லை, ஒரு கள்ளிச்செடிதான் நிற்கிறது. இந்தக் கள்ளியே சாட்சி என்று சொல்லிவிட்டுச் சாகிறாள். தேடி வந்த அண்ணனும் அங்கேயே உயிரை விடுகிறான். நகையோடு போனவனைப் பாம்பு கடிக்கிறது.

அந்த மண் தலையணையை எங்கள் ஊர்க்காரர்கள் யாரும் மறக்க மாட்டார்கள். கொல்லப்போகிறவன் எதற்கு அவ்வளவு பதமாகத் தலையை இறக்கி வைக்கிறான்? அவள் எழுந்துவிடக்கூடாது என்பதற்காக என்று சொல்லலாம். எனக்கு எப்போதும் அதில் ஒரு பழக்கம் தெரியும். காதலித்த கையின் பழக்கம். கொல்லும்போதும் அது போகவில்லை.

மறுபிறவியில் அவள் நீலி, பேய். அவன் காவிரிப்பூம்பட்டினத்து வணிகன் மகன் ஆனந்தன். பழையனூர்ப் பக்கம் போகாதே என்று அவனுக்கு ஜோசியம் சொல்லியிருக்கிறார்கள், பேயை விரட்ட ஒரு மந்திர ஆயுதமும் கையில் கொடுத்திருக்கிறார்கள். வியாபாரம் அவனை அங்கேயேதான் கொண்டுபோகிறது. நீலி ஒரு கள்ளிக்கொம்பை ஒடித்துப் பிள்ளையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு அவன் பின்னால் ஓடி வருகிறாள். ஊர்ச்சபையில் 70 வேளாளர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். இவர் என் புருஷன், என்னையும் பிள்ளையையும் விட்டுவிட்டு ஓடப்பார்க்கிறார் என்று அழுகிறாள். இவள் பேய், என்னைக் கொன்றுவிடுவாள் என்று அவன் கதறுகிறான். பிள்ளையை இறக்கி விடுகிறார்கள். அது நேராக அவனிடம் போய் அப்பா என்கிறது. சபைக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்? ஆயுதத்தை வாங்கி வைத்துக்கொண்டு, இரண்டு பேரையும் ஒரே வீட்டில் தங்கச் சொல்கிறார்கள். உனக்கு ஏதாவது ஆனால் நாங்கள் 70 பேரும் தீயில் இறங்குகிறோம் என்று வாக்குக் கொடுக்கிறார்கள். விடிந்து பார்த்தால் அவன் வயிறு கிழிந்து கிடக்கிறான். கொடுத்த வாக்குப்படி எழுபது பேரும் தீயில் இறங்குகிறார்கள்.

பழைய கதை இது. ஏழாம் நூற்றாண்டில் சம்பந்தர் திருவாலங்காட்டில் பாடிய பதிகத்தில் வஞ்சனையால் உயிர்கொண்ட ஒருத்தியைப் பற்றிய குறிப்பு வருகிறது, உரைகாரர்கள் அவளை நீலி என்றே கொள்வார்கள். சமணர்கள் இதே பழையனூர் நீலியை எடுத்துத் தர்க்கம் பேசுகிற பெண்ணாக்கி, 'நீலகேசி' என்று ஒரு காப்பியமே எழுதிவிட்டார்கள். வட தமிழ்நாட்டில், திருவாலங்காட்டுப் பக்கம் இந்தக் கதை பெரும்பாலும் அந்த 70 பேரின் கதை. வாக்குத் தவறாதவர்களின் பெருமை. தெற்கே வந்ததும் அது அவளுடைய கதையாகிவிட்டது, அவள் இசக்கியானாள். ஒரே கொலை வழக்கு, இரண்டு ஊரில் இரண்டு பேர் பெயரில் பதிவாகியிருக்கிறது.

மூன்றாவதாக ஒரு பதிவும் இருக்கிறது. அதுதான் என்னை உறுத்துவது. பொய்யாக அழுவதற்குத் தமிழில் என்ன சொல்வோம்? நீலிக் கண்ணீர்.

யோசித்துப் பாருங்கள். தலையில் கல் போட்டுக் கொல்லப்பட்ட ஒரு பெண்ணின் கண்ணீரைத்தான் நம் மொழி பொய்க் கண்ணீருக்கு உதாரணமாக வைத்திருக்கிறது. கண்ணகிக்கு மெரினாவில் சிலை. அவளுக்கும் புருஷன் துரோகம் செய்தான், அவள் அவன் பக்கம் நின்று அரசனிடம் நியாயம் கேட்டாள், ஆகவே அவள் கண்ணீர் சத்தியம். குண்டலகேசி தன்னைக் கொல்லக் கூட்டிப்போன புருஷனை மலையிலிருந்து தள்ளிவிட்டாள். அந்தக் கதையைத்தான் கருணாநிதி 'மந்திரி குமாரி'யாக எழுதினார், 1950இல் ஜனங்கள் கைதட்டிப் பார்த்தார்கள். தன்னைக் கொல்ல வந்தவனை முந்திக்கொண்டு கொன்றால் வீராங்கனை. கொல்லப்பட்ட பிறகு வந்து கேட்டால் மட்டும் நீலி. எங்கள் பக்கம் பஞ்சாயத்தில் எந்தப் பெண் கண்ணைக் கசக்கினாலும் கூட்டத்தில் ஒருத்தர் இந்த வார்த்தையைச் சொல்லிவிடுவார். சொல்கிறவர் அடுத்த வாரம் அதே நீலிக்குப் பொங்கலும் வைப்பார்.

ஆச்சியிடம் ஒரு தடவை கேட்டிருக்கிறேன். 'ஏன் ஆச்சி, சபையில அவ சொன்னது பொய்தானே?'

'எதுல பொய்யி? அவன் புருஷன் இல்லியா? விட்டுட்டுப் போவலியா? வயித்துல புள்ளையோடல்லா கொன்னான்.'

ஆச்சி கணக்கில் அவள் கர்ப்பிணி. சில ஊர்களில் அப்படித்தான் பாடுவார்கள்.

'அதெல்லாம் போன பிறவியிலல்லா ஆச்சி? இந்தப் பயலுக்கு அதெல்லாம் எங்க ஞாபகம் இருக்கப் போவுது?'

'அவனுக்கு மறந்துட்டு. அவளுக்கு மறக்கலல்லா மக்கா?'

சபையில் இரண்டு பேரும் சொன்னது உண்மை. இவள் என்னைக் கொல்லுவாள் என்றான், கொன்றாள். இவன் என்னைக் கைவிட்டான் என்றாள், கைவிட்டிருந்தான். எழுபது பேரும் நாணயமானவர்கள், கிடைத்த சாட்சியத்தை வைத்து ஒழுங்காகத்தான் தீர்ப்பு சொன்னார்கள். அவர்களிடம் இருந்தது ஒரு பிறவியின் ரெக்கார்டு மட்டும். சிக்கல் ஆனந்தனிடம்தான் இருக்கிறது. தான் செய்தது எதுவும் ஞாபகம் இல்லாத ஒருவனைப் பழிவாங்குவது பழிவாங்கல்தானா?

ஜான் லாக் என்ற ஆங்கிலத் தத்துவக்காரர் இதைக் கிட்டத்தட்ட இதே வடிவத்தில் கேட்டிருக்கிறார். (எங்கள் தொழிலில் லாக் என்றால் வேறு. சர்வரில் என்ன நடந்தது என்று வரிவரியாக எழுதி வைக்கிற ஃபைல். தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றாகிவிடுவது எனக்குப் பிடித்திருக்கிறது.) 1694இல் வந்த தன் நூலின் இரண்டாம் பதிப்பில், ஒரு மனிதன் நேற்றும் இன்றும் ஒரே ஆள்தான் என்று எதை வைத்துச் சொல்கிறோம் என்பது பற்றி ஒரு அத்தியாயம் சேர்த்தார். டிராய் போரில் இருந்த ஒருவனின் அதே ஆன்மா இன்று ஒருவனுக்குள் இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். அந்தப் போரில் செய்தது ஒன்றும் இவனுக்கு நினைவில் இல்லையென்றால் இவன் அவன் இல்லை, அந்தச் செயலுக்கு இவன் பொறுப்பும் இல்லை என்கிறார். அவருடைய கோர்ட்டில் ஆனந்தனுக்கு விடுதலை.

ஆனால் அதே அத்தியாயத்தில் ஒரு குடிகாரனும் வருகிறான். போதையில் செய்ததை மறுநாள் அவனுக்கு ஞாபகம் இல்லை. அவனை ஏன் சட்டம் தண்டிக்கிறது? செயல் நிரூபணமாகிவிட்டது, மறந்துவிட்டேன் என்பதை அவனால் நிரூபிக்க முடியாது, அதனால்தான் என்கிறார். கடைசித் தீர்ப்பு நாளில், தனக்குத் தெரியாத ஒன்றுக்கு யாரும் பதில் சொல்ல வேண்டியிருக்காது என்று ஆறுதலும் சொல்கிறார். படித்தபோது எனக்கு அது நியாயமாகவே பட்டது. ஆச்சியின் பதிலைக் கேட்ட பிறகு அவ்வளவு நிச்சயமாக இல்லை. லாக் பேசுவது முழுக்க முழுக்கச் செய்தவனின் தலைக்குள் என்ன இருக்கிறது என்பதைப் பற்றி. பட்டவளின் தலைக்குள் இருக்கும் ரெக்கார்டுக்கு அந்த அத்தியாயத்தில் இடமே இல்லை.

சரி, ஒரு வாரமாகத் தூங்காத காரணத்துக்கு வருகிறேன்.

அதற்கு முந்தைய செவ்வாய் எனக்கு ஒரு மெசேஜ் வந்தது. இங்கே பக்கத்தில் ஒரு பொறியியல் கல்லூரியில் நான்கு வருடம் படித்தேன். அதில் மூன்று வருடம் அவளும் நானும் சேர்ந்து இருந்தோம். வேறு வேறு ஜாதி. வீட்டுக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்று இரண்டு பேருக்கும் தெரியும். இந்தப் பக்கத்தில் அது வெறும் பேச்சில்லை. எனக்குச் சென்னையில் வேலை கிடைத்தது. போனேன். போனை எடுப்பதை நிறுத்தினேன். சண்டையில்லை, பிரிவோம் என்று பேச்சில்லை, ஒன்றும் இல்லை. நம்பரை மாற்றியபோது எல்லாருக்கும் மெசேஜ் அனுப்பினேன், அவளைத் தவிர. இதைத் துரோகம் என்று நான் சொல்லிக்கொண்டதே கிடையாது. பயம் என்று சொல்லிக்கொண்டேன். சூழ்நிலை என்று சொல்லிக்கொண்டேன். அந்த வார்த்தைகளில் பொய் இல்லை, அதுதான் வசதி.

11 வருடம் கழித்து அவளிடமிருந்து வந்தது இவ்வளவுதான்: 'கோவம்லாம் எப்பவோ போயிட்டு. ஒன்னே ஒன்னு தெரியணும். வெள்ளிக்கிழமை காலேஜ் பஸ்ல வச்சு, ஞாயித்துக்கிழமை காலைல குறுக்குத்துறைக்கு வா, பேசணும்னு சொன்னியே. அப்பவே வரக்கூடாதுன்னு முடிவு பண்ணிட்டுத்தான் சொன்னியா?'

எனக்கு அப்படி வரச் சொன்ன ஞாபகமே இல்லை.

குறுக்குத்துறை ஞாபகம் இருக்கிறது. ஆற்றுக்குள் இருக்கும் முருகன் கோயில், படித்துறை, கல்மண்டபம், அவள் செருப்பைக் கழற்றிவிட்டுத் தண்ணீரில் கால் போட்டுக்கொண்டு உட்கார்வது எல்லாம் இருக்கிறது. சென்னைக்கு ரயிலேறிய சனிக்கிழமை ராத்திரி இருக்கிறது. இந்த வெள்ளிக்கிழமை மட்டும் இல்லை. அவளுக்கு அந்த ஞாயிற்றுக்கிழமை முழுதாக இருக்கிறது. எத்தனை மணிவரை மண்டபத்தில் உட்கார்ந்திருந்தாள் என்றுகூட எழுதியிருந்தாள். அதை இங்கே எழுதப் போவதில்லை.

அன்றைய போனைத் தேடி எடுத்தேன். சார்ஜ் ஏறவில்லை. லாக் கிடையாது.

மூன்று பதில் டைப் செய்து மூன்றையும் அழித்தேன். ஞாபகம் இல்லை என்பது முதல் பதில். உண்மை. ஆனால் அது ஆனந்தன் சபையில் சொன்னது. 11 வருடம் ஒருத்தி சுமந்த ஒரு காலைப்பொழுதை, அப்படி ஒன்று என் கணக்கில் இல்லையே என்று திருப்பிக் கொடுப்பது. இல்லை, அப்படியெல்லாம் முடிவு செய்யவில்லை என்பது இரண்டாவது. அவளுக்கும் எனக்கும் சுகமான பதில், ஆதாரம் இல்லாத பதில். ஆமாம் என்பது மூன்றாவது. அது நாடகம். தெரியாத ஒன்றை ஒப்புக்கொண்டு தியாகி ஆகிற வேலை. இந்த மூன்றோடும் ஒரு வாரம் கிடந்தேன். அப்படிக் கிடந்தவன்தான் அந்தச் செவ்வாய் ராத்திரி ஹொங்-ரிமின் பதிலைக் கேட்டேன்.

எங்கள் வேலையில் சர்வர் விழுந்தால் மறுநாள் போஸ்ட்மார்ட்டம் என்று ஒரு அறிக்கை எழுதுவோம். அதில் யார் மேலும் பழி போடக்கூடாது என்பது விதி. எத்தனை மணிக்கு என்ன நடந்தது, எந்த இடத்தில் உடைந்தது, இனி நடக்காமல் என்ன செய்யலாம், அவ்வளவுதான். பெயர் வராது. பெயர் வந்தால் அடுத்த தடவை எல்லாரும் மறைப்பார்கள். இயந்திரங்களுக்கு இது அருமையான முறை. நான் என் காதலுக்கும் இதே மாதிரி ஒரு அறிக்கைதான் எழுதி வைத்திருந்தேன் என்று அன்று உறைத்தது. காரணம்: ஜாதி, பயம், வயது. பெயர்: யாரும் இல்லை.

பின்தெருவில் ஆனந்தன் செத்தான். வேளாளர்கள் தீயில் இறங்கினார்கள். கதை முடிந்துவிட்டது என்று வெளியூர்க்காரர்கள் நினைப்பார்கள். முடியாது. கொன்ற பிறகும் நீலி அடங்கவில்லை. அடங்காமல் தெற்கே வருகிறாள். அவள் வந்து நிலைகொண்ட இடம் என்று சொல்லப்படுவது முப்பந்தல். திருநெல்வேலியிலிருந்து நாகர்கோவில் போகும் வழியில், காவல்கிணற்றுக்கும் ஆரல்வாய்மொழிக்கும் நடுவில். இப்போது அங்கே கண்ணுக்கெட்டிய தூரம் காற்றாலைகள். கணவாயில் வருகிற காற்று எல்லாவற்றையும் சுழற்றிக்கொண்டே இருக்கிறது. வண்டி ஓட்டுகிறவர்கள் இறங்கிக் கும்பிட்டுவிட்டுத்தான் போவார்கள். கையில் பிள்ளையோடு நிற்கிறாள். சில இடங்களில் வாயிலும் ஒரு பிள்ளையைக் கடித்திருப்பாள். பிள்ளை வரம் வேண்டி அவளிடம்தான் தொட்டில் கட்டுகிறார்கள். பிள்ளையைத் தின்கிறவளிடம் பிள்ளை கேட்பது என்ன தைரியம் என்று சின்ன வயதில் ஆச்சரியப்பட்டிருக்கிறேன்.

பழி தீர்ந்த பிறகு ஏன் அடங்கவில்லை? ஆனந்தனுக்கு ஞாபகம் இருந்திருந்தால் அடங்கியிருப்பாளோ என்று எனக்குத் தோன்றுகிறது. அவன் கண்ணில் தெரிந்தது வெறும் பயம். பேயைப் பார்த்த பயம், அவளைப் பார்த்த பயம் இல்லை. ஓ, நீயா என்று அவன் முகம் மாறவே இல்லை. அவள் வயிற்றைக் கிழித்துத் தேடியது அதைத்தானோ என்னவோ. கொரிய அரசனாவது கேள்வி கேட்டு ஒரு பதில் வாங்கினான். பொய்யாக இருந்தாலும் பதில். நீலிக்குக் கேள்வியைப் புரிந்துகொள்கிற ஆளே கிடைக்கவில்லை.

அவளுக்கு எங்கள் ஊர் கொடுத்தது என்ன என்று இத்தனை வருடம் நான் கவனித்ததில்லை. பொங்கல், கிடா, பட்டு, பூ என்றுதான் நினைத்திருந்தேன். அன்று ராத்திரி மாடியிலிருந்து பார்த்தேன். வில்லைக் கோயிலுக்கு முன்னால் வைத்திருந்தார்கள். அண்ணாவி நடந்ததை முதலிலிருந்து கடைசிவரை அவளிடமே சொல்லிக்கொண்டிருந்தார். உன்னை அவன் இப்படிக் கூட்டிவந்தான், நீ இப்படித் தூங்கினாய், இப்படி மண்ணைக் கூட்டினான், இந்தக் கல்லைப் போட்டான். மைக் வைத்து, தெருவே கேட்க, வருடத்துக்கு ஒரு தடவை. கூடப் பாடுகிறவர்கள் ஒவ்வொரு வரிக்கும் ஆமா, ஆமா என்கிறார்கள். செய்தவன் யாரும் அங்கே இல்லை. செய்ததை ஞாபகம் வைத்திருக்கிறவன் யாரும் இல்லை. ஆனால் நடந்தது நடந்ததுதான் என்று ஒரு தெரு முழுக்க உட்கார்ந்து ஒப்புக்கொள்கிறது. கல் விழும் இடத்தில்தான் சாமியாடிக்கு அருள் வந்தது. தீயில் இறங்கும் இடத்தில் இல்லை. ஆச்சி எழுந்து நின்று கும்பிட்டதும் அந்த இடத்தில்தான்.

விடிகிற நேரத்தில் மறுபடியும் போனை எடுத்தேன். ஞாபகம் இல்லாததை விட்டுவிட்டு, ஞாபகம் இருப்பதை மட்டும் வரிசையாக எழுதினேன். சனிக்கிழமை நெல்லை எக்ஸ்பிரஸ். அப்பாவும் மாமாவும் ஜங்ஷனுக்கு வந்து ஏற்றிவிட்டார்கள். மழை தூறிக்கொண்டிருந்தது. கங்கைகொண்டான் தாண்டும்போது உன் போன் வந்தது, எடுக்கவில்லை. அப்புறம், டிக்கெட். டிக்கெட் எடுத்த நாளை எழுதும்போது கை நின்றுவிட்டது. அதை அப்பாவோடு போய் கவுண்டரில் வரிசையில் நின்று எடுத்தேன். புதன்கிழமை. அன்று அப்பாவுக்கு ஆபீஸ் லீவு, அதனால் நன்றாகத் தெரியும்.

புதன்கிழமை டிக்கெட். வெள்ளிக்கிழமை அவளிடம் ஞாயிற்றுக்கிழமை வா என்று சொல்லியிருக்கிறேன்.

இப்படி எழுதினேன்: 'வெள்ளிக்கிழமை சொன்னது எனக்கு ஞாபகம் இல்ல. நீ சொன்னா நடந்திருக்கு. டிக்கெட்ட புதன்கிழமையே எடுத்துட்டேன். அப்போ ஆமா. வரமாட்டேன்னு தெரிஞ்சுதான் உன்ன வரச் சொன்னேன்.'

அனுப்பிவிட்டுக் கீழே வந்தேன். ஆச்சி கொடை முடிந்து வாளியில் மஞ்சள் தண்ணீரோடு வந்துகொண்டிருந்தாள். 'தூங்கலியாலே?' என்றாள். இல்லை என்றேன். நெற்றியில் மஞ்சணை வைத்துவிட்டாள்.

இரண்டு நாள் பதில் இல்லை. வியாழக்கிழமை சாயங்காலம் ஒரு வரி வந்தது. 'குறுக்குத்துறைல இப்பவும் வெள்ளம் வந்தா கோயில் முங்குமா?'

'முங்கும்' என்று எழுதினேன். '2023 டிசம்பர்ல மொத்தமா முங்கிட்டு. உற்சவர முன்னாலயே கரைக்கு மேல இருக்க கோயிலுக்குக் கொண்டு போயிருவாங்க. மூலவர் தண்ணிக்குள்ளயே நிப்பாரு.'

இரண்டு நீல டிக் வந்தது.